புஷ்தாவுக்கு அந்தப் பக்கம்

முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்தும் ஸ்கோப்பின் வட்டத்துக்குள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை அடுத்த பத்தின் மேல், அதற்கடுத்த பத்தின் மேல் என்று கூட்டத்தின் கடைசி வரை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பிறகு கடைசியிலிருந்து ஆரம்பத்துக்கு இன்னொரு தடவை. இரண்டு எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒத்துவந்தால் எழுதலாம், இல்லையென்றால் மறுபடியும். டெல்லியில் மயூர் விஹார் முதல் கட்டத்துக்கு மேற்கே, யமுனையின் கிழக்குக் கரையில், சம்புப் புதரை ஒட்டிய சேற்றுத் திட்டில் நின்றிருந்த நெடுங்கால் உள்ளான்களை அன்று காலை அப்படித்தான் எண்ணினார்கள். எண்ணியவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழர். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக நின்றவள் கல்லூரி மாணவி. எண்ணுகிறவர் கண்ணை எடுக்கக் கூடாது. எழுதுவதற்கு இன்னொருவர் வேண்டும்.

"எழுபது... இல்ல, இரு மா. பின்னால இன்னும் நிக்குது."

"அங்கிள், முன்வரிசையை மட்டும் முதல்ல சொல்லுங்க. பின்வரிசையை நான் தனியா எழுதிக்கறேன்."

அவர் முன்வரிசையைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பருந்து தாழப் பறந்து போயிற்று. திட்டில் நின்ற அத்தனையும் எழும்பின. யாரும் முகம் சுளிக்கவில்லை. காத்திருந்தார்கள். கூட்டம் ஆற்றின் மேல் அரைவட்டம் அடித்துவிட்டு அதே திட்டில் வந்து இறங்கியது. மாணவி முந்தைய எண்ணைக் குறுக்கே அடித்தாள். அடித்த எண்ணும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம்.

ஜனவரி மாதம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் மாதம். 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கி ஆசியா முழுக்கப் பரவிய இந்த வேலையை இன்று வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல் ஒருங்கிணைக்கிறது. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அதில் பங்கேற்கிறது. களத்தில் சேற்றை மிதிப்பவர்களோ பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதே மாதத்தில் தமிழ்நாட்டிலும் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மயூர் விஹாரில் உத்தர குருவாயூரப்பன் கோவில் பக்கம் குடியிருக்கும் தெற்கத்திக் குடும்பங்கள் சிலவற்றில் இரண்டும் கலந்துவிடுகின்றன. காலையில் யமுனை, மாலையில் சர்க்கரைப் பொங்கல்.

இந்த இடத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். மயூர் விஹாரின் அடுக்குமாடிகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே வெள்ளத் தடுப்புக் கரை ஒன்று ஓடுகிறது. எல்லோரும் அதைப் புஷ்தா என்கிறார்கள். புஷ்தாவுக்கு இந்தப் பக்கம் மெட்ரோ, பால் பூத், பள்ளிக்கூட வேன். அந்தப் பக்கம் இறங்கினால் காதர் எனப்படும் வெள்ளச் சமவெளி: முள்ளங்கிப் பாத்தி, காலிஃபிளவர், நாணல், மழைக்காலத்து நீர் வற்றாமல் தங்கிய பள்ளங்கள். கொஞ்சம் தெற்கே டிஎன்டி மேம்பாலம். அதைத் தாண்டினால் ஓக்லா தடுப்பணையில் தேங்கிய நீர்ப்பரப்பு. அந்த நீரைச் சுற்றிய சுமார் 4 சதுர கிலோமீட்டரை உத்தரப் பிரதேச அரசு 1990இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 300க்கும் மேற்பட்ட பறவை வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. பறவைக்குச் சரணாலய எல்லை தெரியாது. ஓக்லாவில் ஆள் நடமாட்டம் கூடினால் இங்கே வரும். இங்கே டிராக்டர் ஓடினால் அங்கே போகும். அதனால் இரண்டு இடத்திலும் ஒரே காலையில் எண்ணியாக வேண்டும்.

பனிமூட்டம் விலகியதும் தட்டைவாயன்கள் தெரிந்தன. கரண்டி போன்ற அலகை நீரில் பதித்து, தலையை நிமிர்த்தாமலே வட்டமாகச் சுற்றிச் சுற்றி நீந்தும் வாத்துகள் அவை. வடக்கே வெகு தொலைவிலிருந்து வலசை வருகின்றன. யமுனையில் இவற்றைப் பார்த்துப் பழகியவர்கள் பலர் இரண்டாவது தடவை திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, எண்ணிக்கை பெரிதும் சரிந்ததால் உலக அளவிலான ஆபத்து நிலையை மறுபரிசீலனை செய்ய வேண்டிய பறவைகள் என்று சிலவற்றைச் சுட்டியது. அதில் தட்டைவாயன் இருக்கிறது, கிளுவை இருக்கிறது, பனங்காடையும் இருக்கிறது. ஏறக்குறைய 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைகளை ஆராய்ந்த அறிக்கை அது. 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. அந்த 3 கோடியில் இந்த மாதிரிச் சேற்றுத் திட்டுகளிலிருந்து போன நோட்டுப் பக்கங்களும் அடக்கம்.

சாதாரணமாகக் கண்ணில் படும் பறவையைச் சலிக்காமல் எண்ணுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றியது. அரிய பறவையைத் தேடி ஓடுவதற்கு ஆள் எப்போதும் கிடைக்கும். மைனாவையும் மணிப்புறாவையும் எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் செயலியில் பட்டியலை அனுப்பும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் அது முழுப் பட்டியல். அதில் இல்லாத பறவை, தேடியும் கண்ணில் படாத பறவை என்று பொருள்படும். ஆராய்ச்சியாளர்களுக்குப் பெருமதிப்புள்ள செய்தி அது. எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எவ்வளவு நேரம், எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்பதும் கட்டாயம். ஒரு மணி நேரத்தில் கண்ட இருபது கிளுவையும் ஐந்து நிமிடத்தில் கண்ட இருபது கிளுவையும் ஒன்றல்ல. மாணவியின் நோட்டில் பறவைப் பெயர்களுக்கு மேலே இந்த விவரங்கள்தான் முதலில் இருந்தன. வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ பதிவானால், அந்தந்த வட்டாரத்துத் தன்னார்வலர்கள் கேள்வி கேட்டு, படம் கேட்டு, திருப்தியான பிறகே ஏற்கிறார்கள்.

டெல்லியில் இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. காந்தியின் நண்பரும், 1947 ஆகஸ்ட் 15 அன்று கல்கத்தாவில் அவருடன் இருந்தவருமான குவேக்கர் ஹொரேஸ் அலெக்சாண்டரும், லெப்டினன்ட் ஜெனரல் ஹெரால்ட் வில்லியம்ஸும் 1950இல் டெல்லிப் பறவை நோக்கர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திரா காந்தியும் அதில் ஈடுபாடு காட்டினார். உஷா கங்குலி தொகுத்த டெல்லிப் பறவைகள் கையேடு 1975இல் வெளிவந்தது. வெளியுறவுப் பணியில் இருந்த சுதிர் வியாஸ் தம் நெடுங்காலப் பதிவுகளையும் பிறர் பதிவுகளையும் சல்லடையிட்டு, டெல்லி வட்டாரப் பறவைகளின் விரிவான பட்டியலை 2019இல் வெளியிட்டார். குர்காவ் அருகிலுள்ள சுல்தான்பூர் ஏரி காப்பாற்றப்பட்டதும் இந்தச் சங்கத்தின் வழியாகத்தான். அங்கே வரும் பறவைகளை நன்கறிந்திருந்த செய்தியாளர் பீட்டர் ஜாக்சன் இந்திரா காந்திக்கு எழுதினார். எழுதுவதற்கு அவரிடம் விஷயம் இருந்தது.

விஷயம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கரை சாட்சி. 2016 மார்ச்சில் வாழும் கலை அமைப்பின் உலகக் கலாச்சார விழா மயூர் விஹார் அருகே யமுனையின் வெள்ளச் சமவெளியில் நடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்காலச் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. தீர்ப்பாயம் அமைத்த நிபுணர் குழு பாதிக்கப்பட்ட நிலத்தை மேற்குக் கரையில் சுமார் 300 ஏக்கர், கிழக்குக் கரையில் சுமார் 120 ஏக்கர் என்று மதிப்பிட்டது; சீர்செய்ய 42 கோடி ரூபாயும் 10 ஆண்டு வரையும் ஆகலாம் என்றது. அமைப்போ சேதம் எதுவும் இல்லை என்று மறுத்தது. விழாவுக்கு முன் அங்கே ஈரநிலம் இருந்ததா என்பதே விவாதமாகி, செயற்கைக்கோள் படங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. 2017 டிசம்பரில் சேதத்துக்கு அந்த அமைப்பே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. நாணலுக்குள் எத்தனை கதிர்க்குருவி இருந்தது, எத்தனை சிலம்பன் இருந்தது என்று செயற்கைக்கோள் சொல்லாது. நாணல் மறைந்தால் அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. திறந்த வெளியில் வாழும் பறவைகள் அல்ல அவை. அதைச் சொல்ல நேரில் போய் எழுதிய நோட்டு வேண்டும், அதுவும் சேதத்துக்கு முந்தைய நோட்டு.

அந்த வழக்கைத் தொடுத்தவர் மனோஜ் மிஸ்ரா. இந்திய வனப்பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று வந்தவர். 2007 முதல் 'யமுனா ஜியே அபியான்' இயக்கத்தை நடத்தினார். அதைத் தாங்கிய பீஸ் இன்ஸ்டிட்யூட் அறக்கட்டளை மயூர் விஹார் முதல் கட்டத்தில், சாதாரணக் குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே இயங்கிய அமைப்பு. ஆற்றங்கரைக் கிராமங்களில் நதி மித்ர மண்டலிகள் அமைத்து, தங்கள் ஊர்ப்பக்க ஆறு எப்படி இருக்கிறது என்பதை ஊர்க்காரர்களே கவனித்துக் குறிக்கச் செய்தார்கள். கரையில் கட்டட இடிபாடு கொட்டுவதை எதிர்த்து அவர் 2012இல் தொடுத்த வழக்கில்தான் 2015 ஜனவரி 13 அன்று பசுமைத் தீர்ப்பாயத்தின் புகழ்பெற்ற யமுனைத் தீர்ப்பு வந்தது. இடிபாடு கொட்டினால் 50,000 ரூபாய், குப்பை போட்டால் 5,000 ரூபாய் அபராதம். 2023இல் அவர் மறைந்தார். இந்தக் கரையில் அவர் பெயரைச் சொல்லாமல் யாரும் ஆற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆற்றைப் பற்றிப் பேசுவதற்கு அவரளவு உரிமை உள்ள இன்னொரு கூட்டம் உண்டு. காதரில் பயிரிடும் குடும்பங்கள். பலர் பதாயூன் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர்கள். 2023 ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு 1978இன் 207.49 மீட்டரை முறியடித்தபோது, இவர்களின் குடிசைகளும் பயிரும் மூழ்கின. மயூர் விஹார் சாலையோரம் தார்ப்பாய்க் கூடாரங்களில் தங்கினார்கள். நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கீரை அறுத்துக்கொண்டிருந்த பெரியவர், ஸ்கோப்பைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார். வாத்துகள் இருட்டு பிரிவதற்குள் எந்தப் பள்ளத்தில் இறங்கும், எந்தப் பள்ளத்தில் நாய்த் தொல்லை என்று கையால் காட்டினார். வங்கி அதிகாரி அதை அப்படியே இந்தியில் எழுதிக்கொண்டார். அடுத்த காலை எந்தத் திசையிலிருந்து தொடங்குவது என்று அங்கேயே முடிவாயிற்று. கணக்கெடுப்புப் படிவங்களில் இவரைப் போன்றவர்களுக்கு நோக்கர் என்ற இடம் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வேடந்தாங்கலில் ஊர்மக்களின் வார்த்தையைக் கேட்டுத்தான் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளுக்குப் பாதுகாப்பு ஆணை பிறப்பித்தார்.

ஒன்பது மணிக்கு மேல் மஞ்சள்மூக்கு நாரைகள் மேற்கிலிருந்து வந்தன. இறக்கையை அடிக்காமல் மிதந்து வந்து, கால்களைத் தொங்கவிட்டு, ஆழமில்லாத நீரில் இறங்கின. திறந்த அலகை நீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவி, மீன் பட்டதும் டக்கென்று மூடும். ஆற்றுக்கு அக்கரையில் டெல்லி மிருகக்காட்சி சாலையின் குளத்து மரங்களில் 1960 முதல் இவை கூடு கட்டி வருகின்றன. கூண்டுப் பறவைகள் அல்ல, தாமாக வந்து தங்கிய காட்டுப் பறவைகள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஏ. ஜே. உர்ஃபி பல ஆண்டு இந்தக் கூட்டத்தைத் தொடர்ந்து கவனித்து 2011இல் தனி நூலே எழுதினார். கூட்டுக்குப் பாதுகாப்பு வேலிக்குள் கிடைத்துவிட்டது. குஞ்சுக்கு மீன் வேலிக்கு வெளியேதான். யமுனைக் கரையின் ஆழமற்ற நீரை இழந்தால் மிருகக்காட்சி சாலையின் மரம் மட்டும் இவற்றுக்குப் போதாது. நாரைகளின் எண்ணுக்குப் பக்கத்தில் 'மேற்கிலிருந்து' என்று மாணவி எழுதினாள். எண்ணைப் போலவே திசையும் பதிவுதான்.

வெயில் ஏறியதும் சஞ்சய் ஏரிக்குக் கிளம்பினோம். திரிலோக்புரிக்கும் மயூர் விஹார் இரண்டாம் கட்டத்துக்கும் இடையிலுள்ள பூங்கா ஏரி. 2021 ஜனவரியில் மயூர் விஹார் மூன்றாம் கட்டப் பூங்காவில் காகங்கள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. சஞ்சய் ஏரியில் வாத்துகள் செத்தன. அவற்றின் மாதிரிகளைச் சோதித்தபோது பறவைக் காய்ச்சல் உறுதியாயிற்று. ஏரியை மூடி, மிஞ்சிய வாத்துகளை அழித்தார்கள். அன்றாடம் பார்க்கும் பறவை குறைந்திருக்கிறது என்று அன்றாடம் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். இந்தக் குழு ஏரியைச் சுற்றும்போது நோட்டில் முதல் வரி காகத்துக்கு. வாத்து, நாமக்கோழி, மீன்கொத்தி எல்லாம் அதற்குக் கீழே. காகத்தை எண்ணாமல் விட்ட நாளின் பட்டியலை முழுப் பட்டியல் என்று அனுப்ப அவர்கள் ஒப்புவதில்லை.