கணக்கு முடிகிற விளையாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேம் விளையாடுவதில் பெரிய புலி எல்லாம் கிடையாது. பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறேன், காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு அரியர் வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருத்தன் பழைய வீடியோ கேம்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், "படிக்கிறத விட்டுட்டு இது தேவையாடா?" என்று என் வகுப்பு மக்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இதில் கொஞ்சம் அக்கவுண்ட்ஸும் வருகிறது, அதனால் முழுசாகப் படியுங்கள் :-)

போன வருடம் ஒரு கூத்து நடந்தது. செல்போனில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடிக்கொண்டிருந்தேன் (பெயர் வேண்டாம்). இறக்குவது இலவசம், விளையாடுவதும் இலவசம். ஆனால் "சீசன் பாஸ்" என்று ஒன்று உண்டு. பணம் கட்டினால் புதுச் சட்டை, புதுத் துப்பாக்கி உறை எல்லாம் தருவார்கள். உடனே தரமாட்டார்கள். சீசன் முடிவதற்குள் தினமும் விளையாடி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். பணம் கட்டிவிட்டோமே, விளையாடாமல் விட்டால் நஷ்டமாயிற்றே என்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். பிசினஸ் எகனாமிக்ஸில் சங்க் காஸ்ட் என்று படித்தோமே, போன காசைத் துரத்திக்கொண்டு மேலும் காசைத் தொலைப்பது, அதேதான். பரீட்சையில் அதற்கு அஞ்சு மார்க் வாங்கியவன் நான்!

ஐந்து மாதத்தில் 4,300 ரூபாய் போயிருந்தது. அதில் 2,150 ரூபாய் அப்பா செமஸ்டர் ஃபீஸ் கட்டச் சொல்லிக் கொடுத்தது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஆனது.

அப்பா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறார். திட்டுவார், ஒரு அறையாவது விழும் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, பணம் போச்சு. பொருள் எங்க?" என்று கேட்டார். செல்போனில் அந்தச் சட்டையைக் காட்டினேன். "இத யாருக்காவது விக்க முடியுமா?" முடியாது. "அந்தக் கம்பெனி கடைய மூடிட்டா?" போய்விடும். "அப்ப இது உன்னோடது இல்லயேப்பா."

உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று பதினொன்றாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்தவன் நான். வெளியே போனது தெரிகிறது, உள்ளே வந்தது என்ன? பதில் இல்லை. அப்பா தன் நோட்டை எடுத்து "கல்விச் செலவு - 4,300" என்று எழுதிவிட்டு, ஃபீஸுக்கு மறுபடி பணம் கொடுத்தார். அறைந்திருந்தால்கூட தேவலை.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன்.

2012-இல் நான் இரண்டாம் வகுப்பு, அக்கா எட்டாம் வகுப்பு. சித்திரைப் பொருட்காட்சிக்குத் தமுக்கம் மைதானம் போனபோது அப்பா ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். 650 ரூபாய். இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, மஞ்சள் கேசட் ஒன்று. கேசட்டின் மேல் "9999 இன் 1" என்று போட்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் முப்பது கேம்கூடத் தேறாது. அதே மரியோ நாலாவது தடவை வரும்போது வேறு கட்டத்தில் ஆரம்பிக்கும், அவ்வளவுதான். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17 மோசடி, பிரிவு 18 தவறான விவரிப்பு. இரண்டில் எது என்று பிசினஸ் லா படித்த மக்கள் சொல்லவும். ஹி ஹி.

அந்தப் பெட்டியே ஒரு நகல் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அசல், ஜப்பானில் நிண்டெண்டோ 1983-இல் கொண்டுவந்த ஃபேமிகாம். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் விற்றது எல்லாம் அதன் போலி வாரிசுகள். ஆனால் உள்ளே இருந்த விளையாட்டு அதே விளையாட்டுதான்.

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். 2018-இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த ஒரு கேம் உட்காரும் இடத்தில் மரியோவை ஏறத்தாழ 37 லட்சம் தடவை வைக்கலாம். 40 கிலோபைட்டுக்குள் 32 கட்டங்களை எப்படி அடைத்தார்கள்? சிக்கனம். மரியோவில் வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம், நிறம்தான் வேறு. அம்மா பழைய புடவையைத் தலையணை உறையாகத் தைக்கிற மாதிரி!

இதைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. அந்த விளையாட்டில் யாரும் நமக்கு எதுவும் சொல்லித் தருவதில்லை. ஆரம்பத்தில் மரியோ இடது ஓரத்தில் நிற்பான், வலது பக்கம் முழுக்கக் காலி. போக வேண்டிய திசை அதிலேயே தெரிந்துவிடும். நாலடி நடந்தால் காளான் மாதிரி ஒரு ஜந்து எதிரே வரும். முட்டினால் செத்துப்போவோம், மறுபடி ஆரம்பத்திலிருந்து. இரண்டாவது தடவை தானாகவே கை குதிக்கும் பொத்தானுக்குப் போகும். இதை உருவாக்கிய ஷிகேரு மியமோட்டோ, முதல் கட்டத்தை வேண்டுமென்றே இப்படிச் சொல்லித்தருகிற மாதிரி அமைத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் தெரியாத ரெண்டாங்கிளாஸ் பையனுக்குப் புரிந்ததே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? என் செல்போன் கேமில் முதல் இருபது நிமிடமும் "இங்கே தொடு, அங்கே தொடு" என்று அம்புக்குறிதான்.

அதோடு அது முடியும். ஒரு கட்டத்துக்கு 400 என்று கடிகாரம் ஆரம்பிக்கும். அது நிஜ நொடி இல்லை, முழுசாக ஓடினாலும் மூன்று நிமிடத்துக்குக் கம்மிதான். ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கு அங்கேயே முடிந்தது. பெட்டியை அணைத்தால் அது நம்மைக் கூப்பிடாது. "உன் பரிசு காத்திருக்கிறது, இன்னும் ரெண்டு மணி நேரம்தான்" என்று ராத்திரி பத்தரைக்கு மெசேஜ் அனுப்பாது.

"டேய், இதெல்லாம் சின்ன வயசு ஞாபகம்டா, உனக்குப் பிடிச்சதால உசத்தின்னு சொல்ற" என்று என் ரூம்மேட் சொன்னான். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 1989-இல் நிண்டெண்டோ பெட்டிக்கு வந்த டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுப் பையன் 157-ஆவது நிலை வரைக்கும் விளையாடினான். கேமே தாங்க முடியாமல் உறைந்து நின்றுவிட்டது. 34 வருடத்தில் அதை அங்கே கொண்டுபோய் நிறுத்திய முதல் மனிதன் அவன்தான். அந்தப் பையனுக்கு 1989 பற்றி என்ன மலரும் நினைவு இருக்க முடியும்? கட்டை விழுகிறது, அடுக்க வேண்டும். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

பழையது எல்லாமே புனிதம் என்றும் சொல்ல வரவில்லை. காசு போட்டு விளையாடுகிற ஆர்கேட் கேம்கள் சீக்கிரம் சாகடித்து அடுத்த காசைப் பிடுங்கவே கஷ்டமாகச் செய்யப்பட்டவை. புதியதிலும் அருமையானவை இருக்கின்றன. என் சண்டை படத்தின் அழகோடு இல்லை, கடையை மூடாமலே நம் சட்டைப் பையில் கை வைத்துக்கொண்டிருக்கிற அந்த வியாபாரத்தோடுதான். தி க்ரூ என்று ஒரு கார் கேம் 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31-இல் கம்பெனி சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தவர்களும் அதற்கப்புறம் விளையாட முடியவில்லை. "கடைய மூடிட்டா?" என்று அப்பா கேட்டது இதைத்தான்.

கடைசியாக, இதை எழுத வைத்த விஷயம்.

அக்காவுக்கு இந்த வருடம் கல்யாணம் ஆனது. தலைதீபாவளிக்கு மாமாவோடு வந்திருந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கும் அவளுக்கும் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை எல்லாம் இல்லை. வாட்ஸ்அப்பில் "சாப்டியா", "ம்" அவ்வளவுதான். பலகாரச் சட்டி எடுக்கப் பரணில் ஏறியபோது அந்த டிவி கேம் கிடைத்தது. மாமா ஆர்வமாகி டிவிக்குப் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகளைத் தேடி மாட்டிவிட்டார். கேசட்டை எடுத்து ஊதினேன் (ஊதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லையாம், எச்சில் பட்டுத் துருதான் பிடிக்குமாம், இருந்தாலும் ஊதாமல் இருக்க முடியுமா?). ஓடியது!

வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் வேலை செய்யவில்லை. அது பழைய பெட்டி டிவியின் திரை ஒளிர்கிற நேரக்கணக்கை நம்பிச் செய்தது, தட்டை டிவியில் அந்தக் கணக்கு தப்பிவிடும். போகட்டும் என்று கான்ட்ரா போட்டோம்.

"மேல் மேல் கீழ் கீழ்" என்று நான் ஆரம்பிக்க, "இடது வலது இடது வலது" என்று அக்கா முடித்தாள். முப்பது உயிர் தருகிற ரகசியம். கொனாமி நிறுவனத்தில் இருந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-இல் கிரேடியஸ் கேமைச் சோதித்துப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கிறதென்று தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி இது. அவர் 2020-இல் இறந்துவிட்டார். மதுரையில் ஒரு அக்காவும் தம்பியும் விரல் நுனியில் அதை வைத்திருந்தோம்.

மூன்றாவது கட்டம் அருவி. பாறை பாறையாக மேலே ஏற வேண்டும். அங்கே ஒரு விஷயம், முன்னால் ஏறுகிறவன் அவசரப்பட்டால் திரை மேலே நகர்ந்துவிடும், கீழே நிற்கிற ஆள் செத்துப்போவான். எட்டு வயதில் நான் எப்போதும் ஓடிப்போய் ஏறுவேன், அவளைக் கொல்வேன், அவள் என் மண்டையில் கொட்டுவாள். இந்தத் தடவையும் பாதி ஏறிவிட்டேன். "டேய்... நில்லுடா, நான் வரேன்" என்றாள்.

நின்றேன். அவள் ஏறி வந்தாள். அப்புறம் அருவி முழுக்க ஒருவருக்கொருவர் நின்று நின்று ஏறினோம். நடுவில் புகுந்த வீட்டைப் பற்றி, அங்கே சமையலில் தேங்காய் அதிகம் என்று, ராத்திரி சில நேரம் அழுகை வருகிறது என்று, திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா தெரியாது.

செல்போன் கேமில் நூறு பேரோடு விளையாடினேன். ஒருத்தர் பெயர்கூட ஞாபகம் இல்லை. கான்ட்ராவில் ரெண்டே ரிமோட், வயரும் குட்டை, அதனால் பக்கத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

நாங்கள் ஏழாவது கட்டத்தில் செத்தோம். ரெண்டு பேருக்குமாக அறுபது உயிரும் காலி. அக்கா ரிமோட்டை வைத்துவிட்டு முறுக்கு எடுக்கப் போனாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "இதுக்கு எவ்வளவுப்பா ஆச்சு?"

"650 ரூபா. 2012-ல நீங்கதான் வாங்கிக் கொடுத்தீங்க."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணும் இல்லப்பா."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? இருந்தால் எடுத்து மாட்டிப் பாருங்கள். ரெண்டாவது ரிமோட்டையும் மறக்காமல் தேடி எடுங்கள்.