திரையில் விரியும் விண்வெளி

இருண்ட திரையின் நடுவே நுண்ணிய ஒளிப்புள்ளிகள் தோன்றுகின்றன. அவை மெல்ல விலகி, வர வர விரைவு மிகுந்து, ஓரங்களிற் பாய்ந்து மறைகின்றன. காண்போர், விண்மீன்களுக்கிடையே தாமே பறந்து செல்வதாக எண்ணி வியக்கின்றனர். 1992 ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 3.1 என்னும் கணிப்பொறி அமைப்பில் இக்காட்சி இடம்பெற்றிருந்தது.

இவ்விந்தை எங்ஙனம் நிகழ்கின்றது? நெடுஞ்சாலையின் இருமருங்கும் நிற்கும் மரங்கள் தொலைவில் ஒன்றுகூடுவன போலத் தோன்றும். அணுகுந்தோறும் விலகி வழிவிடும். சேய்மையில் உள்ளது நடுவை ஒட்டியும், அண்மையில் உள்ளது ஓரத்தை நோக்கியும் தோன்றுதல் காட்சியின் இயல்பு. நிரல் எழுதுவோர் இவ்வியல்பையே கணக்காக்குகின்றனர்.

ஒவ்வொரு விண்மீனுக்கும் மூன்று எண்கள் உண்டு. அது பக்கவாட்டில் எவ்வளவு விலகியுள்ளது, மேல்கீழாக எவ்வளவு விலகியுள்ளது, எவ்வளவு தொலைவில் உள்ளது என்பனவே அவை. முதலிரண்டையும் தொலைவால் வகுத்தால், திரையில் அதற்குரிய இடம் கிடைக்கும். பின்னர்த் தொலைவைச் சிறிது குறைத்து மீண்டும் வரைதல் வேண்டும். பக்க விலக்கம் 300 எனக் கொள்வோம். தொலைவு 100, 75, 50, 25 எனச் சீராகக் குறைந்தால், ஈவு 3, 4, 6, 12 என வளரும். கலத்தின் வேகம் மாறவில்லை. ஆயினும் மீன் பாய்ந்து வருகின்றது!

ஈண்டு விழிப்பும் வேண்டும். எல்லா மீன்களையும் ஒரே தொலைவில் வைத்துத் தொடங்கினால், அவை ஒரு கூட்டமாகவே வந்து மறையும். தொலைவு சுழியமாகிவிட்டாலோ வகுத்தல் இயலாது, நிரல் பிழைபடும். ஆதலின், அதற்கு முன்னரே அம்மீனை நெடுந்தொலைவில் புதியதோர் இடத்தில் வைத்தல் வேண்டும். இவ்வாறு சில நூறு புள்ளிகளே மீண்டும் மீண்டும் வந்து எல்லையற்ற வானமாகின்றன.

உண்மை வானம் இத்தகையதோ? அன்று. 1977 இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 என்னும் விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் செல்கின்றது. ஞாயிற்றை அடுத்து நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அத்தொலைவை அவ்வேகத்தில் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். அத்தகைய கலத்தில் அமர்ந்து ஒருவர் வாழ்நாளெல்லாம் நோக்கினும், விண்மீன்கள் நிலைபெற்றனவாகவே தோன்றும்.

ஆகவே, திரையில் விரைவது வானம் அன்று. ஒரு சிறு வகுத்தலே. அதனைக் கண்டு மகிழ்தல் எளிது. தானே இயற்றிப் பார்த்தல் அதனினும் இன்பம் தரும். தோற்றம் எவ்வாறு பிறக்கின்றது என்று கணக்கால் உணர்ந்தவன், தோற்றத்தை உண்மையென மயங்கான். உண்மையின் பெருமையையும் நன்கு அறிவான்.