கைக்குச் செய்த துப்பாக்கியா, கம்பெனித் துப்பாக்கியா?

போன வாரம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "சார், மான் வேட்டைக்கு ரைபிள் வாங்கப் போறேன். அங்க லைசென்ஸ் எடுத்து முறைப்படி வேட்டையாடலாம். கம்பெனி ரைபிள் 800 டாலர். என் உடம்புக்கு அளவெடுத்துச் செஞ்சு தர்ற ஆள் 5,000 டாலருக்கு மேல கேக்குறார், ஒரு வருஷம் காத்திருக்கணும். எதை வாங்க?"

பிசிக்ஸ் வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று வீட்டில் சிரித்தார்கள். அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது குரங்கணிக்கு மேலே எங்கள் தோட்டத்துக்கு வந்தவன், அய்யாவின் துப்பாக்கியைப் பார்த்திருக்கிறான்.

அதன் கதையை இதுவரை இங்கே எழுதியதில்லை.

எங்களுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஏலம், கீழ்ச்சரிவில் இலவமரங்கள். காட்டுப்பன்றி ஒரு ராத்திரி இறங்கினால் போதும், கிழங்கு, சேம்பு எல்லாம் உழுதுபோட்ட மாதிரி ஆகிவிடும். 1976-ல் அய்யா பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தார். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்திலேயே, பயிரைக் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் இருக்கிறது.

மாமா விடவில்லை. "மச்சான், நாட்டுத் துப்பாக்கி எதுக்கு? இன்னொரு மனுப் போடுங்க. ஆர்டினன்ஸ் பேக்டரி 315 ரைபிள் வாங்குவோம். இல்லேன்னா ரெட்டைக்குழல். தோட்டாவைப் போட்டமா, சுட்டமான்னு இருக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. 315 ரைபிள் பழைய லீ என்ஃபீல்ட் பட்டாளத் துப்பாக்கியின் வழியில் வந்தது, உறுதியானது.

ஆனால் அய்யாவுக்கு வலது கண் கிடையாது. காப்பிக் கவாத்தின்போது விலகி வந்த கிளை அடித்து, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. இடது கண்ணால்தான் குறி பார்க்க முடியும், அதனால் இடது தோளில்தான் வைக்க வேண்டும். ரைபிளின் போல்ட் கைப்பிடி வலது பக்கம். இடது தோளில் வைத்துக்கொண்டு அதை இழுப்பது பெரிய அவஸ்தை. கடையில் கிடைத்த நாட்டுத் துப்பாக்கியிலோ குதிரையும் கேப்பும் வலது பக்கம். இடது தோளில் வைத்தால் கேப்பு வெடிக்கிற நெருப்பு நேராகக் கண்ணுக்கு. இருக்கிற ஒரு கண்ணையும் யார் பணயம் வைப்பார்கள்?

மதுரைப் பக்கம் லைசென்ஸோடு துப்பாக்கி வேலை செய்துவந்த ஓர் ஆசாரியிடம் போனோம். அவர் முதலில் துப்பாக்கியைப் பற்றியே பேசவில்லை. அய்யாவின் முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை அளந்தார். கண்ணை மூடச் சொல்லி ஒரு கட்டையைத் தோளில் வைத்து, கன்னம் எங்கே படிகிறது என்று சாக்பீஸால் குறித்தார். தோதகத்தியில் கட்டை இழைத்து, குதிரையை இடது பக்கம் மாற்றி, 4 மாதம் கழித்துக் கொடுத்தார். அய்யா எடுத்துத் தோளில் வைத்ததும், இடது கண் நேராகக் குழலின் முனையில் போய் நின்றது. அளவுச் செருப்பு மாதிரி. அதை வேறு யாராலும் சரியாகப் பிடிக்க முடியாது. மாமா பிடித்துப் பார்த்துவிட்டு, "இது துப்பாக்கியா, கோணல் விளக்குமாறா?" என்றார்.

(தேர்தல் அறிவித்தால் எங்கள் வீட்டிலிருந்து முதலில் கிளம்புவது துப்பாக்கிதான். ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். ரசீதை அய்யா பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைப்பார்.)

1983 ஐப்பசி. நானும் பரணில் இருந்தேன். மூன்று நாள் விடாத மழை. நள்ளிரவுக்கு மேல் காப்பிச் செடிகளுக்குள் சரசரவென்று சத்தம். அய்யா துப்பாக்கியைத் தூக்கினார். பன்றியை விரட்ட எப்போதும் வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, முந்தின வாரம் போன சேதமோ, குழல் கீழே இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. விசையை இழுத்தார். 'டக்' என்ற சத்தம் மட்டும். கேப்பு நமுத்துப் போயிருந்தது.

செடிக்குள்ளிருந்து இருமல் கேட்டது. மனுஷ இருமல். கயிற்றை அறுத்துக்கொண்டு போன கன்றைத் தேடி, அணைந்துபோன லாந்தரோடு எங்கள் வேலையாள் வந்திருக்கிறார்.

அய்யா அன்றைக்கு அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பரணில் உட்கார்ந்து அவருக்குத் தன் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். கை ஆடியதில் பாதி கீழே போனது. அதன்பிறகு அந்தக் குழலில் ரவையே போட்டதில்லை. மருந்து மட்டும் கெட்டித்து வெடிப்பார், சத்தத்துக்கு.

மாமா சொன்ன பேக்டரித் தோட்டா மழைக்கு அவ்வளவு எளிதில் நமுத்திருக்காது. இதை நினைக்காமல் எனக்கு ஒரு ஐப்பசி போனதில்லை.

சரி, மாணவன் கேள்விக்கு வருவோம். பெரிய வேட்டைக்காரர்களிலும் இரண்டு வகை உண்டு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாகக் கிடைத்தது லண்டன் ரிக்பி கம்பெனி ரைபிள். கைவேலைக்குப் பேர்போனது, ஆனால் அதன் இயக்கப்பகுதி ஜெர்மனியின் மவுசர். நம் பக்கத்துக் காடுகளில் அலைந்த பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் பெரும்பாலும் நம்பியது 405 வின்செஸ்டர், 1895 மாடல். முழுக்க முழுக்க பேக்டரிச் சரக்கு.

அந்தக் காலத்தில் கைவேலைக்கு ஒரு நியாயம் இருந்தது. சுடும்போது குழல் கிதார்க் கம்பி மாதிரி அதிர்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். மரக்கட்டை ஈரத்தில் ஊதிக் குழலைத் தொட்டால் குறி மாறிவிடும். அதைத் தவிர்க்க நல்ல ஆசாரி நாள்கணக்கில் இழைப்பார். இன்றைக்கு ஈரத்துக்கு ஊதாத பிளாஸ்டிக் கட்டை, கம்ப்யூட்டர் கடைசல். 800 டாலர் ரைபிளே 100 கஜத்தில் ஓர் அங்குலத்தை ஒட்டிக் கூட்டமாகச் சுடுகிறது. மானுக்கு அதற்கு மேல் எதற்கு?

அப்புறம் அவன் இடதுகைக்காரன். இடது கையால் எழுதி மை இழுப்பியதற்காக அவன் அடி வாங்கியதை நான் வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறேன், அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அய்யா காலத்தில் அவனும் ஆசாரியிடம்தான் போக வேண்டும். இப்போது பேக்டரியிலேயே இடதுகைப் போல்ட் வைத்து விற்கிறார்கள்.

அதனால் எழுதினேன்: "கம்பெனி ரைபிளே வாங்கு. உங்கள் ஊர்க் கடையில் எந்தத் தோட்டா எப்போதும் கிடைக்குமோ அந்த அளவில் வாங்கு. கட்டை நீளம் பொருந்தாவிட்டால் ஒரு ஆசாரியிடம் கொடுத்து அதை மட்டும் சரிசெய். மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகு. நல்ல பைனாகுலர் ஒன்றும் வாங்கு. அசைவது என்னவென்று ரைபிள் ஸ்கோப் வழியாகப் பார்க்காதே. பார்க்கும்போதே அதன்மேல் துப்பாக்கியை நீட்டிவிட்டாய் என்று அர்த்தம்." கூடவே 1983 கதையையும் எழுதினேன்.

அய்யா 1998-ல் போனார். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன், என் பேருக்கு லைசென்ஸ் கேட்கவில்லை. பன்றிகள் இன்னும் வருகின்றன. 2025 ஜனவரியில் அரசு போட்ட உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் பன்றியைச் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். எங்கள் தோட்டத்து வேலியே காப்புக்காட்டு எல்லை. தகரம் தட்டுகிறோம்.

நேற்றுப் பதில் வந்தது. "இடதுகை போல்ட் உள்ளதே ஆர்டர் போட்டுட்டேன் சார். பைனாகுலருக்கு எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்?"