கவிச்சி போய் இனிப்பு வரும்வரை

உரம் தயாராகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு நான் நாள் கணக்குச் சொல்வதில்லை. ஒரு பிடி எடுத்து மோந்து பாருங்கள் என்பேன். 45 நாள், 60 நாள் என்று சொல்வதெல்லாம் உத்தேசம்தான். மதுரையில் சித்திரை வெயில் காயும் மொட்டைமாடித் தொட்டிக்கும் ஐப்பசி அடைமழையில் ஊறும் தொட்டிக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. மூக்கை எந்த மாதத்திலும் நம்பலாம். மழை விழுந்த புதுமண் வாசம் வந்தால் உரம் பக்குவமாகிவிட்டது. காய்கறித் தோலின் வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதைச் செடிக்கு வைக்கக் கூடாது. அரைகுறையாக மக்கியது வேரடியில் மீதி வேலையைத் தொடரும். அதற்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். நல்ல உரம் போட்டும் இலை ஏன் வெளுக்கிறது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

அடியிலும் பக்கவாட்டிலும் துளையிட்ட மண்தொட்டியில்தான் சமையலறைக் கழிவைப் போடுகிறேன். பிளாஸ்டிக் வாளியிலும் மக்கும். ஆனால் மண்தொட்டி தானாக மூச்சு விடும், கூடுதல் ஈரத்தை வெளியே கசியவிடும். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு. கரிமச்சத்து 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்ற விகிதத்துக்கு அருகில் இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். சருகு கிடைக்காத வீட்டில் தேங்காய் நார்க்கழிவைப் போடுகிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். ஆனால் பச்சை நார்க்கழிவில் அந்த விகிதம் 112-க்கு 1, அதோடு லிக்னினும் அதிகம். எளிதில் மக்காது. கழிவின் மேல் மெல்லிய போர்வையாகத் தூவினால் போதும்.

எங்கள் ஊரில் சருகுக்கு ஈடாக இன்னொன்று தாராளமாகக் கிடைக்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மதியத்துக்கு மேல் வாடி ஒதுக்கிய பூக்கள், பிரிந்த மாலைகள், வாழைநார். நாரில் கட்டிய மாலையை அப்படியே நறுக்கிப் போடலாம். நைலான் நூலும் ஜிகினாவும் இருந்தால் உட்கார்ந்து பிரித்தாக வேண்டும். வாங்கி வந்ததை இரண்டு நாள் வெயிலில் உலர்த்திவிட்டுத்தான் சேர்ப்பேன். சாமந்தியும் சம்பங்கியும் அவ்வளவு தண்ணீர் கோத்தவை.

தொட்டியின் நாற்றத்துக்கு வகை உண்டு. கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி வந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது, சருகு போட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போகவில்லை, அடிவரை கிளறிவிட வேண்டும். எந்த வாசமும் இல்லாமல் கிடந்தால் உள்ளே காய்ந்துபோயிருக்கிறது. புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் மறுபடி உயிர் பிடிக்கும். இந்தக் கிளறும் வேலையை ஒரு முறையாகவே வகுத்தவர் ஆல்பர்ட் ஹோவார்ட். நம் உழவர்களின் வழக்கங்களைக் கூர்ந்து பார்த்து, இந்தூரில் இருந்தபடி அவர் உருவாக்கிய மக்கு உர முறை 1931-இல் நூலாக வந்தது. குவியலைக் குறிப்பிட்ட இடைவெளியில் புரட்டுவது அதில் முக்கியமான படி.

ஆனால் அவருடைய குவியலுக்கும் நம் தொட்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு கனமீட்டர் அளவுக்குக் குவித்தால்தான் உள்ளே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு நிலைத்து நிற்கும். களை விதையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில்தான் சாகும். மாடித் தொட்டியில் அது நடப்பது அரிது. ஆகவே மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்திக் கிளையையும் வாடல் நோயில் போன தக்காளிச் செடியையும் நான் தொட்டிப் பக்கமே கொண்டுபோவதில்லை.

நெளியும் சாம்பல் நிறப் புழுக்களைப் பார்த்ததும் தொட்டியையே கொட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து மொய்ப்பதில்லை. புழுவோ கழிவை மளமளவென்று தின்று தீர்க்கும். சருகால் மூடிவிட்டு அவற்றை அவற்றின் பாட்டுக்கு விடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த தயாரிப்பு மீன் அமிலம். மீன் கடை அக்காவிடம் குடல், செவுள், செதில் எல்லாவற்றையும் சேர்த்துத் தரச் சொன்னால், "இத என்னம்மா செய்யப் போற, பூனைக்கா?" என்று கேட்பார். "மல்லிக்கு அக்கா" என்றால் சிரித்துக்கொண்டே நாலு மத்தித் தலையைக் கூடுதலாகப் போடுவார். எடைக்கு எடை நாட்டு வெல்லம். வெல்லத்தில் கஞ்சத்தனம் கூடாது. மீனிலிருந்து சாற்றை இழுப்பதும் அது அழுகாமல் காப்பதும் அந்த இனிப்புதான். வெல்லத்தைத் தட்டிப் பொடித்து, ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு வெல்லம், கடைசியில் மேலே வெல்லம். வாயு சேரும் என்பதால் கண்ணாடி ஜாடி வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவில் கால் பங்கு இடம் விட்டு மூடி நிழலில் வைக்க வேண்டும்.

ஒன்றிரண்டு நாளிலேயே வெல்லம் கரைந்து அடியில் கருஞ்சிவப்பாக நீர் கோக்கும். மூடியைத் திருகினால் வாயு சீறும், கவிச்சி அறையை அடைக்கும். முதல் வாரம் முழுக்க அதுதான். பிறகு ஒரு நாள் திறக்கும்போது கவிச்சிக்கு அடியில் ஒரு புளிப்பு தெரியும். மூன்று வாரத்தை நெருங்கும்போது சதை கரைந்து முள்ளும் செதிலும் மட்டும் கிடக்கும். மணமோ, பழுத்த பலாவை அறுத்து வைத்த வீட்டில் வருவது போல இருக்கும். முதல் வாரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. துணியில் வடிகட்டி எடுத்தால் தேன் பதத்தில் இருக்கும். வேருக்கு லிட்டருக்கு 10 மில்லி, இலையில் தெளிக்க 5 மில்லி, அதுவும் மாலை வெயில் இறங்கிய பிறகு. எஞ்சும் முள்ளைத் தொட்டி மண்ணில் ஆழமாகப் புதைத்துவிடலாம்.

கடலைப் புண்ணாக்கு இவ்வளவு நேரம் கேட்காது. 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் கலக்கி, புளித்த வாடை எழுந்ததும் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றலாம். அதற்குமேல் விட்டால் அழுகல் நாற்றம் வரும். நான் அதுவரை விடுவதில்லை. அதில் தழைச்சத்து 7 சதவீதம் அளவுக்கு உண்டு. கத்தரிக் கன்று இலை விட்டு எழும் பருவத்தில் அது அமிர்தம். பூ எடுத்தபின் அளவைக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செடி தழைத்து நிற்கும், காய் இருக்காது. வேப்பம் புண்ணாக்கை நான் கரைப்பதில்லை. நடுவதற்கு முன்பே மண்ணில் கலந்துவிட்டால் வேரைத் தாக்கும் நூற்புழுவையும் அடக்கும்.

வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீர், பொடித்த முட்டை ஓடு இரண்டுக்கும் இப்போது இருக்கும் புகழ் கொஞ்சம் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். தோலை மக்கு தொட்டியில் போட்டாலே அதன் சாம்பல் சத்து முழுதாக மண்ணுக்கு வந்துவிடும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்காகும். தக்காளியின் அடி கறுத்து அழுகுவதை அது இந்த வாரமே நிறுத்தாது. முதலில் தண்ணீர் ஒரு நாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மல்லிக்கு மட்டும் நான் மிகவும் நிதானமாகப் போவேன். கார்த்திகையில் கவாத்து செய்ததும் மேல்மண்ணைக் கிளறி, சலித்த மக்கு உரத்தை வேரிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாக இட்டு மூடுவேன். துளிர் வந்தபின் புண்ணாக்குக் கரைசலும் மீன் அமிலமும் மாற்றி மாற்றி. அரும்பு தெரிந்ததும் இரண்டையும் நிறுத்திவிட்டு, தேங்காய்ப்பாலும் புளித்த மோரும் சம அளவில் ஒரு வாரம் ஊறிய தேமோரைத் தண்ணீரில் கலந்து தெளிப்பேன். அடுப்புச் சாம்பல் போடச் சொல்வார்கள். எங்கள் போர்வெல் தண்ணீருக்கு ஏற்கெனவே காரத்தன்மை. சாம்பலும் சேர்ந்தால் நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் மஞ்சளாகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. சாம்பலை அளவாகக் கீரைப் பாத்திக்குக் கொடுத்துவிட்டு, மல்லித் தொட்டிக்கு இன்னொரு கூடை மக்கு உரம் சலித்து வைப்பேன்.