நீரில் கரைவதெல்லாம் நீரோடு போய்விடுமா?



நிஸ்வான் மதரஸாவில் தஹாரத் பாடம் நடத்தும்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள் சில ஆண்டுகளாக மாறிவிட்டன. முன்பெல்லாம் மருதாணியையும் நகச் சாயத்தையும் பற்றிக் கேட்பார்கள். இப்போது பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சீரம், ஜெல், ரெட்டினால் என்று கேட்கிறார்கள். இதைப் பூசியிருந்தால் உளூ கூடுமா, இதில் ஆல்கஹால் இருக்கிறதா, இரவில் பூசியதை ஃபஜ்ருக்குள் கழுவிவிட வேண்டுமா என்ற கேள்விகளுக்கு விடை சொல்வதற்காகவே நாம் இந்தப் பொருள்களைப் பற்றித் தேடிப் படிக்க நேர்ந்தது.

அப்படிப் படித்தபோது, பிள்ளைகள் பலரின் உள்ளத்தில் உறுதியாகப் பதிந்திருந்த ஓர் எண்ணம் நம்மைக் கவலை கொள்ளச் செய்தது. "ஆலிமா, இது நீரில் கரையும் வைட்டமின் ஏ. நீரில் கரையும் வைட்டமின் கூடினாலும் சிறுநீரில் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, பிறகு என்ன பயம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடப் புத்தகத்தை அவள் நன்றாகவே படித்திருந்தாள். பி, சி வைட்டமின்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் அந்த விதி, வைட்டமின் ஏயிலிருந்து உருவான பொருள்களுக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

வைட்டமின் ஏ அடிப்படையில் கொழுப்பில் கரைவது. 1913 ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெக்காலம் என்பவரும் மார்கரீட் டேவிஸ் என்பவரும் வெண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருந்த ஒரு சத்து எலிகளின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று கண்டறிந்தார்கள். அதற்குப் பின்னாளில் இடப்பட்ட பெயரே 'கொழுப்பில் கரையும் ஏ' என்பதுதான். கொழுப்பில் கரைவதால் உடல் அதைக் கல்லீரலில் சேமித்து வைக்கிறது. நம் குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலிருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒரு முறை மட்டும் வைட்டமின் ஏ திரவம் புகட்டினால் போதும் என்பதற்கும் இந்தச் சேமிப்பே காரணம். அளவு மீறினால் தீங்கு சேர்வதற்கும் அதுவே காரணம்.

தோலுக்கு வருவோம். நாம் பூசும் ரெட்டினால், தோலின் செல்லுக்குள் சென்று இரண்டு படிகளில் மாற்றம் அடைந்து ரெட்டினாயிக் அமிலம் ஆகிறது. வேலை செய்வது இந்த அமிலம்தான். அது செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளில் பொருந்தி, எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை மாற்றுகிறது. இந்த ஏற்பிகளை 1987 இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. ஆகவே, மேலே பூசிக் கழுவிவிடும் பவுடரைப் போன்றதல்ல இது. செல்லின் நடத்தையையே மாற்றும் ஒரு பொருள். முகப்பரு குறைவதும், மயிர்த்துளை அடைப்பு நீங்குவதும், சுருக்கம் மெலிவதும் அந்த மாற்றத்தால்தான்.

ரெட்டினாயிக் அமிலத்தையே நேரடியாக மருந்தாக்கிய பூச்சுதான் ட்ரெட்டினாயின். 1969 இல் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய சகாக்களும் அது முகப்பருவுக்குப் பயன்படுவதை வெளியிட்டார்கள். 1971 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பயன் பெரிது என்றாலும் தொல்லையும் உண்டு. தொடக்க வாரங்களில் தோல் சிவக்கும், உரியும், எரியும். வெயில் பட்டால் இன்னும் மோசமாகும். நம்மைப் போன்ற மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் எரிச்சல் வந்த இடம் கருமையாகி மாதக்கணக்கில் நிற்கும். பருவை நீக்கப் போய்க் கருந்தழும்பை வாங்கி வந்த பிள்ளைகளை நாம் வகுப்பிலேயே பார்க்கிறோம்.

இந்தத் தொல்லையைக் குறைக்கும் வழி தேடியவர்களே நீரில் கரையும் வடிவத்தை ஆராய்ந்தார்கள். அதற்கான தடயம் நம் உடலுக்குள்ளேயே இருந்தது. தேவைக்கு மிஞ்சிய ரெட்டினாயிக் அமிலத்தைக் கல்லீரல் வெளியேற்ற விரும்பும்போது, அதனுடன் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளைப் பிணைக்கிறது. சர்க்கரை ஒட்டியதும் அது நீரில் கரையும் தன்மை பெற்றுப் பித்தநீரில் இறங்குகிறது. இதன் பெயர் ரெட்டினாயில் குளுக்குரோனைடு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆலன் ஓல்சனும் நம் நாட்டவரான அருண் பருவாவும் இதனைச் செயற்கையாக உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். முகப்பரு உள்ள இந்திய நோயாளிகளிடமே இதன் பூச்சு சோதிக்கப்பட்டு, 1999 இல் முடிவுகள் வெளியாயின. பரு குறைந்தது; ட்ரெட்டினாயினுக்கே உரிய அந்த எரிச்சல் காணப்படவில்லை. இது உண்மையிலேயே மகிழ்ச்சிக்குரிய செய்தி. கருந்தழும்புக்கு எளிதில் இலக்காகும் நம் தோலுக்கு இதைவிட வேண்டியது என்ன?

ஆனால் எரிச்சல் குறைந்ததற்குச் சொல்லப்படும் விளக்கத்தையும் கேட்க வேண்டும். தோலில் உள்ள ஒரு நொதி அந்தச் சர்க்கரைப் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கிறது. அறுபட்டதும் வெளிப்படுவது அதே ரெட்டினாயிக் அமிலம்தான். ஒரே நேரத்தில் கொட்டாமல் சிறிது சிறிதாகக் கொடுப்பதால் தோல் அதைத் தாங்குகிறது. வந்து சேரும் பொருள் மாறவில்லை, வரும் வேகமே மாறியிருக்கிறது. நீரில் கரையும் என்பது பாட்டிலுக்குள் அது இருக்கும் நிலையைச் சொல்கிறது. உடலுக்குள் அது செய்யப்போகும் வேலையைச் சொல்வதில்லை. சிறுநீரில் போய்விடும் என்ற நம்பிக்கை உடைவது இந்த இடத்தில்தான்.

கடையில் 'நீரில் கரையும்' என்று எழுதப்பட்ட எல்லாம் ஒரே பொருள் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். சிலவற்றில் வைட்டமின் ஏயின் மூலக்கூறு, நீரை நாடும் வேறொரு பெரிய மூலக்கூறோடு வேதியியல் முறையில் பிணைக்கப்பட்டிருக்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால், ஹயலுரோனிக் அமிலம் ஆகியவற்றோடு பிணைத்தவை இந்த வகை. வேறு சிலவற்றில் இருப்பது சாதாரண ரெட்டினாலேதான். அதனை சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரைக்குள்ளோ நுண்ணிய கொழுப்புறைக்குள்ளோ அடைத்து நீரில் மிதக்க விட்டிருப்பார்கள். முதல் வகையில் பொருளே மாறியிருக்கிறது. இரண்டாம் வகையில் உறை மட்டும் மாறியிருக்கிறது. நீரை நாடும் பெரிய மூலக்கூறு தோலின் கொழுப்பு அடுக்கைக் கடப்பது எளிதல்ல என்பதால், எவ்வளவு உள்ளே போகிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். தோல் மருத்துவர்கள் முகப்பருவுக்கு இன்றும் முதலில் எழுதுவது நெடுநாள் சோதனைக்கு உட்பட்ட அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்றவற்றைத்தான். புதிய பெயர் கொண்ட சீரம், விலை கூடியது என்பதால் அவற்றினும் மேலானது ஆகிவிடாது.

இனி, இந்தக் கட்டுரைக்குக் காரணமான கவலைக்கு வருகிறோம். நம்மிடம் ஓதிய பிள்ளை ஒருத்திக்கு நிக்காஹ் நிச்சயமாகி மூன்று வாரமே இருந்தது. அவளுடைய உம்மா நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். மகள் முகப்பருவுக்கு ஒரு மாத்திரை விழுங்குகிறாள், அதன் மேலுறை ஜெலட்டின் என்கிறார்கள், அது ஹலாலா என்பதே கேள்வி. அந்த மாத்திரை ஐசோட்ரெட்டினாயின். பழைய மருத்துவச் சீட்டைக் காட்டி, ஒரு மருந்துக் கடையில் மீண்டும் மீண்டும் வாங்கியிருந்தார்கள். கூடவே நீரில் கரையும் ரெட்டினால் சீரமும் இரவில் பூசி வந்தாள். இரண்டும் வைட்டமின்தானே என்று வீட்டில் எவரும் பொருட்படுத்தவில்லை.

ஜெலட்டினைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று கேட்கப்படாமலே இருந்தது. ஐசோட்ரெட்டினாயின் விழுங்கும் காலத்தில் கரு உண்டானால், சிசுவின் மூளை, இதயம், முகம், காது ஆகியவை கடுமையாகப் பாதிக்கப்படக்கூடும். இது மருத்துவ உலகில் ஐயமற நிலைபெற்ற உண்மை. தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, விழுங்கும் காலம் முழுவதும், நிறுத்திய பின்னும் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பது அந்த மருந்தின் விதி. நாம் அவர்களை உடனே பெண் தோல் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினோம். அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று உம்மா தயங்கினார். கடைசியில் மருத்துவரே மணமக்களின் தாய்மார் இருவரையும் அழைத்து எடுத்துச் சொன்னார். நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. மருத்துவர் சொன்ன கால அளவை மணமக்கள் பேணிக்கொண்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், மருத்துவரிடம் உண்மையைச் சொல்லாமல் தடுக்கும் கூச்சம் அதில் சேராது என்பதையும் கற்பிக்க வேண்டும்.

பூசும் மருந்துகள் அந்த மாத்திரையைப் போன்றவை அல்ல. தோல் வழியாக இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. ஆயினும் கர்ப்ப காலத்திலும், கருத்தரிக்க முயலும் காலத்திலும் வைட்டமின் ஏ வகைப் பூச்சுகளைத் தவிர்க்குமாறே மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். நீரில் கரையும் வடிவத்திற்கும் நாம் விலக்கு அளிக்க இயலாது. ரெட்டினாயில் குளுக்குரோனைடை விலங்குகளிடம் ஆராய்ந்தபோது கூட, எந்த வழியாகக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்துக் கருவின் மீதான விளைவு மாறியது. சிசு விஷயத்தில் பேணுதலே நமக்குப் பொருத்தம். அந்தக் காலத்திற்கு ஏற்ற அசெலெயிக் அமிலம் போன்ற வேறு மருந்துகள் மருத்துவரிடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம்கூட 2024 இல் அழகுசாதனப் பொருள்களில் ரெட்டினாலுக்கு வரம்பு விதித்தது: முகத்தில் பூசுபவற்றில் 0.3 சதவீதம், உடலில் பூசும் லோஷனில் 0.05 சதவீதம். உணவிலிருந்தும் வைட்டமின் ஏ கிடைப்பதால் மொத்த அளவு மிஞ்சக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். திருமணத்திற்குள் நிறம் வர வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கப்படும் பல கிரீம்களில் ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். மங்கு போன்ற நோய்க்குக் குறுகிய காலம் மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டிய கலவை அது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்தும்போதெல்லாம் முகம் எரியும். பூசும் ஸ்டீராய்டு மருந்துகளைச் சீட்டின்றி விற்பதை 2018 இல் இந்திய அரசு தடுத்தது. அப்படியிருந்தும் அவை கைக்குக் கை மாறுவதை நாம் காண்கிறோம். நிறம் வேண்டும் என்று பெண் கேட்கும் வீட்டாரும் இந்தப் பாவத்தில் பங்காளிகள் இல்லையா என்று நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் முதலில் கேட்ட மார்க்கக் கேள்விகளுக்கும் விடை சொல்லிவிடுகிறோம். தண்ணீர் தோலைத் தொடாமல் தடுக்கும் கெட்டியான படலம் இருந்தால் உளூவுக்கு முன் அதை அகற்ற வேண்டும். தோலில் உறிஞ்சப்பட்டுப் பசை மட்டும் மிஞ்சியிருந்தால் தடையில்லை. ட்ரெட்டினாயின் ஜெல் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. நீரில் கரையும் வடிவங்களுக்கு அந்தத் தேவை குறைவு. வெளிப்பூச்சில் உள்ள ஆல்கஹால் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடப்பது நல்லது. ஆல்கஹால் இல்லாத கிரீம் வடிவமும் இருக்கிறதா என்று மருத்துவரிடமே கேட்கலாம்.

மருத்துவர் பூச்சு எழுதிக் கொடுத்திருந்தால், தொழுகை நேரங்களையே அதற்கான ஒழுங்காக ஆக்கிக்கொள்ளலாம். இஷா தொழுத பின், முகத்தைத் துணியால் ஒற்றி, 20 முதல் 30 நிமிடங்கள் நன்றாக உலரவிட்டு, பட்டாணி அளவு மட்டும் எடுத்து முகம் முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். ஃபஜ்ர் உளூவில் அது கழுவப்படும். பகலில் வெயில் காக்கும் கிரீம் கட்டாயம். ஆனால் காலையில் பூசியது ளுஹர் உளூவோடு போய்விடும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஆகவே ளுஹர் தொழுதபின் மீண்டும் பூச வேண்டும். அஸருக்குப் பின் வெயிலில் செல்வதாக இருந்தால் அப்போதும் பூச வேண்டும். ஐந்து வேளையும் முகம் நனைவதால் தோல் வறண்டு எரிச்சல் கூடலாம். உளூவுக்குச் சோப்பு தேவையில்லை; தண்ணீர் போதும். நனைந்த முகத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் காக்கும் களிம்பைப் பூசிக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மகள் வாங்கி வரும் குப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதில் ரெட்டினால், ரெட்டினாயில், ரெட்டினோயேட் என்று தொடங்கும் பெயர் ஏதேனும் உண்டா, இதை எழுதிக் கொடுத்தது யார், அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருப்பது அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். மணமான மகளாக இருந்தால், குழந்தை வேண்டும் என்று எண்ணத் தொடங்கும் நாளிலேயே இதை மருத்துவரிடம் சொல்லும்படி அவளுக்கு நினைவூட்டுங்கள். கருவுற்றிருப்பது தெரிய வருவதற்குள்ளேயே சிசுவின் உறுப்புகள் உருவாகத் தொடங்கிவிடும் என்பதால், அதன் பிறகு சொல்வது தாமதமாகிவிடக் கூடும்.

நம் பிள்ளைகளின் உடல்நலத்தையும், அவர்கள் சுமக்கப்போகும் சந்ததியையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.