ஒரு துவிசக்கர யாத்திரைக்கு ஆயத்தம்

வெயிலை வேண்டிக் கடல் கடந்து செல்லும் தமிழன் ஒருவனைப் பற்றி நமது கலாசாலை மாணவர் கேள்வியுற்றிரார். பங்குனி மாதத்தில் தலைமேல் புத்தகத்தைக் கவித்துக்கொண்டு விடுதிக்கும் வகுப்புக்கும் ஓடும் அவர்கட்கு இச்செய்தி நகைப்பையே விளைக்கும். ஆயினும் நான் இப்போது செய்துகொண்டிருக்கும் காரியம் அதுவே. இங்கிலாந்தின் வடபகுதியில் 11 ஆண்டுகளாக வசித்துவரும் நான், வருகின்ற ஏப்ரல் மாதத்தில், ஸ்பெயின் தேசத்தைச் சார்ந்த மயோர்க்கா என்னும் தீவுக்குச் சென்று எட்டு நாட்கள் சைக்கிள் பயிற்சி செய்யக் கருதியிருக்கிறேன். பிரயாணம் இன்னும் நிகழவில்லை. அதற்கு முற்பட்ட ஆயத்தமே என்னை இத்தனை நாள் ஆட்டி வைத்தமையால், சஞ்சிகைக்குக் கட்டுரை கேட்டெழுதிய பழைய நண்பருக்கு அதனையே எழுதி அனுப்பலானேன்.

நான் விடுதியிலிருந்த காலத்தில், மணிக்கு இவ்வளவென்று வாடகை கொடுத்து எடுத்த சைக்கிளே என் முதல் வாகனம். ஆற்றுப்பாலத்தின் ஏற்றமே நான் அறிந்த மலை. பின்பு நெடுங்காலம் சைக்கிளைத் தொட்டிலேன். 46-ஆம் வயதில் இரத்தக் கொதிப்பு மிகுந்துள்ளதென்று வைத்தியர் எச்சரித்தபோதுதான் மீண்டும் ஏறினேன். கற்பித்தவர் அடுத்த வீட்டு ஆங்கிலேய முதியவர்; வயது 71; பள்ளியில் பூகோள ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் பின்னே மலைநாட்டுச் சாலைகளில் சென்று சென்று ஒருவாறு தேர்ச்சியும் பெற்றேன். ஆயின் சென்ற ஆண்டு ஜனவரியில், நீர் உறைந்து கிடந்த ஓர் இறக்கத்தில் சக்கரம் வழுக்கி விழுந்து, இடது காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, அச்சம் தீர்ந்திலது. அன்று முதல் எவ்விறக்கத்திலும் விரல் மரத்துப்போகும் மட்டும் பிரேக்கை இறுகப் பற்றிக்கொண்டே இறங்குகிறேன். உடன் வருபவர் அடிவாரத்தில் காத்து நிற்பர். அவர்கள் ஒன்றும் சொல்லாதிருப்பதே எனக்குப் பெரிய வேதனை.

இங்கே குளிர்காலத்தில் பகற்பொழுது எட்டு மணி நேரமும் இல்லை. சாலையில் பனி உறைகின்றது. ஆதலின் ஐரோப்பாவின் வடதேசத்துச் சைக்கிள்காரர் வசந்தகாலத்தில் தெற்கு நோக்கிப் பறவைகள்போல் செல்கின்றனர். அவர்கள் பெரிதும் நாடும் இடங்களுள் ஒன்று மயோர்க்கா. ஏப்ரல் மாதத்தில் அங்கே பகல் வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரி. நமது ஊரில் போர்வை தேடும் நிலை. இங்குள்ளோர்க்கு அதுவே வெயில். தீவின் நடுப்பகுதி சமவெளி. வடமேற்கில் கடலோரமாகத் திரமுந்தானா என்னும் மலைத்தொடர், 2011-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. சமவெளியில் உடம்பைப் பழக்கி மலையில் சோதித்துப் பார்க்க இரண்டும் ஒரே தீவில் கிட்டுவது அருமையன்றோ?

என் மனைவி இதனை ஒப்பவில்லை. "வெயில்தான் வேண்டுமென்றால் சித்திரையில் ஊருக்குப் போய் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்காரலாமே!" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் விடியற்காலையில் சைக்கிளை எடுப்பவனை என் தாயார் இட்டிலி உண்ணாமல் வாசற்படி தாண்ட விடுவாரா? உண்டு எழுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

நிற்க, இந்திய பாஸ்போர்ட் உடையவன் இங்கிலாந்தில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், ஸ்பெயினுக்குச் செல்ல விசா வேண்டும். முதியவருக்கு வேண்டா. பிரயாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னும் விண்ணப்பிக்கலாகாது, 15 நாட்களுக்குள்ளும் ஆகாது. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியச் செலவு இன்ஷ்யூரன்ஸ், பாங்கிக் கணக்கு, தங்குமிடத்துச் சான்று, உத்தியோகசாலையின் விடுமுறைக் கடிதம் யாவும் சேர்த்தாயிற்று. விண்ணப்பத்தில் பிரயாண நோக்கம் யாதென ஒரு வினா. சுற்றுலா என்றும் விளையாட்டு என்றும் தனித்தனிக் கட்டங்கள். விளையாட்டு என்று குறித்தால் எந்தப் பந்தயம் என்று கேட்பரோ என அஞ்சிச் சுற்றுலா என்றே குறித்தேன்.

அடுத்தது, சொந்த வண்டியா வாடகை வண்டியா என்னும் வழக்கு. தீவில் நல்ல வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும்; பெட்டியிற் கட்டிச் சுமக்கும் தொல்லை இல்லை. ஆயினும் ஒரு சிறு செய்தி என்னைத் தடுத்தது. நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். ஐரோப்பியப் பெருநிலத்திலோ முன்சக்கரத்துக்கு இடக்கை. பின்சக்கரத்தை எண்ணி இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் நின்று, ஏறியவன் தலைக்குப்புற விழ நேரும். கேட்டால் மாற்றித் தருவர்தாம். எனினும் அச்சமுடையவனுக்குப் பழகிய வண்டியே துணை என்று பெட்டியொன்று வாங்கினேன். பெடல்களைக் கழற்ற அமர்ந்தபோது வலப்புறத்தது எளிதில் வந்தது. இடப்புறத்ததோடு அரைமணி நேரம் மல்லாடினேன். அதன் மரை எதிர்ப்புறமாகச் சுழல்வது என்பதை முதியவர் வேலிக்கு அப்பாலிருந்து சொன்னார். இத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார் போலும்!

இனி, என் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். அத்தீவில் ஸா கலோப்ரா என்றொரு கடற்றுறை உண்டு. 682 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாயிலிருந்து அங்கே செல்லும் சாலை, 1932-ஆம் ஆண்டில் அந்தோனியோ பரியேத்தி என்னும் பொறியாளர் வகுத்தது. சுமார் 9.5 கி.மீ. தூரத்தில் 26 கொண்டையூசி வளைவுகள். ஓரிடத்தில் சாலை தன்னையே சுற்றிவந்து தன் அடியிலேயே நுழைகின்றது. ஏற்றம் சராசரி நூற்றுக்கு ஏழு. ஏறுவதற்கு நான் அஞ்சவில்லை. முன்னே 34 பல்லும் பின்னே 32 பல்லும் உடைய சக்கரங்கள் இருக்கின்றன. ஆயின் அச்சாலை கடலோடு முடிகின்றது. ஏற வேண்டுமாயின் முதலில் அவ்வழியே இறங்கியாக வேண்டும்.

எனக்கொரு உபாயம் தோன்றிற்று. சோயேர்த் துறைமுகத்திலிருந்து அத்துறைக்குப் படகு செல்கின்றது. படகிற் சென்று ஏறி மட்டும் வந்தால் என்ன? வெற்றிக் களிப்போடு முதியவரிடம் சென்றேன். அவர் பூகோளப் படத்தை மேசைமேல் விரித்து, நாங்கள் தங்கப்போகும் பொலென்சாத் துறைமுகத்திலிருந்து சோயேருக்கு விரலை நடத்தினார். இடையே பூய்க் மயோர் மலை. அதைக் கடந்து சோயேருக்கு இறங்கும் வழி ஏறக்குறைய 14 கி.மீ.! ஒன்பதரைக்கு அஞ்சியவன் பதினான்கில் விழப் பார்த்தேன். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அந்தப் படகில் என் மனைவி வருவாள்; நான் சாலை வழியே இறங்குவேன்; கரையில் எனக்காகக் காத்திருப்பாள்" என்றார். அவ்வம்மையார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அதன்பின் அவர் அத்தீவுக்குச் செல்லவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவர்க்கு முழங்கால் மாற்று அறுவை நிகழவிருக்கின்றது. ஆதலின் அச்சாலையில் இறங்கும் நாள் இனியொன்று வாய்க்குமோ என்பது அவர் கவலை. அதனை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் படகைப் பற்றிப் பின்பு பேசவில்லை.

அன்றிரவே எட்டு நாட்களையும் வகுத்தோம். முதல் நாள் அல்கூடியாக் கடற்கரையோரம் 40 கி.மீ., அதுவும் பேசிக்கொண்டே செல்லத்தக்க வேகத்தில். முதல் நாளிலேயே வெயிலையும் நல்ல சாலையையும் கண்டு மயங்கி வலிமையைச் செலவழித்துவிட்டு, மூன்றாம் நாள் படுத்துவிடுவோர் மிகப் பலராம். இரண்டாம் நாள் சமவெளியில் பேத்ரா என்னும் ஊர் வரை. மூன்றாம் நாள் யுக் மடாலயத்து ஏற்றம். நான்காம் நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் பொர்மென்தோர் முனைக் கலங்கரை விளக்கம். அச்சாலையும் பரியேத்தி வகுத்ததே; சிறு இறக்கங்கள் பல உடையதாதலின் எனக்குப் பள்ளிக்கூடமாகும். ஆறாம் நாள் ஸா கலோப்ரா. அங்கே சாலையின் வலப்புறம் செல்ல வேண்டும். ஊருக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். சைக்கிளைக் கடக்கும் மோட்டார்கள் ஒன்றரை மீட்டர் விலகிச் செல்ல வேண்டுமென்பதும் அந்நாட்டுச் சட்டம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை முதியவர் என்னை நான் விழுந்த இறக்கத்துக்கே அழைத்துச் சென்றார். வளைவுக்கு முன்னரே பிரேக்கைப் பிடித்துவிட்டு, வளைவினுள் விட்டுவிட வேண்டும். வெளிப்புறத்துக் கால் தாழ்ந்திருக்க வேண்டும். பார்வை சக்கரத்தில் நில்லாது வளைவு முடியும் இடத்தில் நிற்க வேண்டும் என்றார். மூன்று முறை இறங்கினேன். முதல் இரண்டும் பழைய கதையே. மூன்றாம் முறை, எலும்பு முறிந்த இடத்தைக் கடந்த பின்னரே அதனைக் கடந்தமை நினைவுக்கு வந்தது. அடிவாரத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த ஞாயிறும் வருவோம்" என்றார்.

பாஸ்போர்ட் இன்னும் விசா அலுவலகத்திலேயே இருக்கின்றது. சைக்கிள் பெட்டி எங்கள் வீட்டு நடையில் நிற்கின்றது. என் மனைவி அதன்மேல் ஈர மழைச்சட்டைகளை உலர்த்துகிறாள்.