சாண்ட்விச் கடை

2016 ஆகஸ்ட். அகமது மன்சூரின் ஐபோனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். ஐக்கிய அரபு அமீரகச் சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிப் புது ரகசியங்களாம், கூடவே ஒரு லிங்க். மனித உரிமைக்காக வாதாடுகிறவரின் கை அரிக்கத்தான் செய்யும். மன்சூர் தொடவில்லை. டொரண்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார். தொட்டிருந்தால் போனின் மைக்கும் கேமராவும் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். சில நாளில், அந்த ஓட்டையை அடைக்க, ஆப்பிள் அவசரமாக ஐ.ஓ.எஸ். 9.3.5 வெளியிட்டது.

ஏற்கெனவே சூடுபட்டவர். 2011-இல் ஃபின்ஃபிஷர், 2012-இல் மிலானின் ஹேக்கிங் டீம், இப்போது இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. ஒரே ஆள் மேல் மூன்று கம்பெனி உளவுச் சரக்கு!

இந்தச் சரக்கை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த ஓர் ஏற்பாடு உண்டு, பெயர் வாசனார். வாசனார் என்பது ஹேக் நகரத்துக்குப் பக்கத்து ஊர். ஆயுதம் போன்ற சரக்குகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக 1996-இல் உருவான ஏற்பாட்டுக்கு அந்த ஊர்ப் பெயர், ஆபீஸ் வியன்னாவில். 2017 டிசம்பரில் இந்தியா 42-ஆவது நாடாகச் சேர்ந்தது. இஸ்ரேல் உறுப்பினர் இல்லை. மீறினால் இழுத்துப்போக கோர்ட் கிடையாது. லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த நாட்டின் இஷ்டம். 2013-இல் ஊடுருவும் மென்பொருளையும் அதன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் பட்டியலின் புத்தி ஆயுதங்களை எண்ணிய காலத்துப் புத்தி. சரக்கு என்ன என்று துருவும். யார் போனுக்குள் போகும் என்று கேட்காது.

(எழுதிய வாசகத்தில், மென்பொருள் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்கிற நல்லவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2017-இல் திருத்தம்.)

2015 ஜூலையில் ஹேக்கிங் டீமையே யாரோ ஹேக் செய்து 400 ஜி.பி.யைக் கொட்டிவிட்டார்கள். அதில் சூடான் உளவுத்துறைக்குப் போட்ட 4,80,000 யூரோ பில். சூடானின் டார்ஃபூர் பகுதிக்கு ஐ.நா. ஆயுதத் தடை இருந்தது. இது ஆயுதமா என்ற பேச்சில் கம்பெனித் தரப்பு வக்கீல் ஒரு மெயிலில் வைத்த வாதம்: சூடானுக்கு சாண்ட்விச் விற்றால் தடை பாயாதே, எங்களையும் சாண்ட்விச் கடையாகவே பார்க்கலாமே. படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், பட்டியலை நம்பும் சட்டத்துக்கு இது ஒன்றும் அசட்டு வாதமில்லை.

2016-இல் இத்தாலி ஹேக்கிங் டீமின் பொது லைசென்ஸை ரத்து செய்தது. ரத்து செய்ய ஒரு லைசென்ஸ் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2021 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புது விதி. பட்டியலில் இல்லாத உளவுச் சரக்கானாலும், மனித உரிமை மீறலுக்குப் போகிறது என்று தெரிந்தால் விற்பவரே அரசுக்குச் சொல்ல வேண்டும். தெரிந்தால்!

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா என்.எஸ்.ஓ.வைத் தன் வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. மன்சூரையோ அமீரகம் அதற்கு முன்பே, 2017 மார்ச்சில், பிடித்துப்போயிருந்தது. 2018-இல் பத்தாண்டுச் சிறை, சமூக ஊடகத்தில் எழுதியதற்காக.